மேல்துணி முடிஞ்சுது, குயில்ட் முடியேல்ல

எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல ஒரு நீலப் பை அஞ்சு வருசமாக் கிடந்தது. உள்ளுக்க என்ன இருக்கெண்டு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒருத்தரும் கேக்க மாட்டினம், கேட்டா எனக்குக் கோவம் வருமெண்டும் தெரியும். அக்காட முதல் பிள்ளைக்கெண்டு 2017ல நான் இருந்து இருந்து வெட்டிப் பொருத்தின குயில்ட் அது, துண்டுத்துணியில தைக்கிற போர்வை. பிழை, குயில்ட் இல்ல, குயில்ட்ட மேல்துணி மட்டும். அந்த வித்தியாசம் எனக்கு வடிவா விளங்கத்தான் அவ்வளவு காலம் எடுத்தது.

துண்டு துண்டா வெட்டி, கலர் பாத்து, நேரா நேராத் தைச்சு ஒட்டிக்கொண்டு போறது சரியான சந்தோசமான வேலை. சின்னச் சின்னத் துண்டு, மடிக்க ஏலும், மேசையில ஒரு மூலை காணும், பிழைச்சா அந்தக் கட்டத்த மட்டும் பிரிச்சாச் சரி. எட்டு அங்குலக் கட்டம், குறுக்க 7, நெடுக்க 9, மொத்தம் 63. அது முடிஞ்ச உடன எல்லாமே முடிஞ்ச மாதிரி ஒரு நினைப்பு வந்து, கட்டில்ல விரிச்சு ஃபோட்டோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில அனுப்பி, அவவும் "ஐயோ என்ன வடிவடி, எப்ப கொண்டு வாறாய்" எண்டு கேட்டு, அதோட சரி. ஏனெண்டா குயில்ட் எண்டுறது மூண்டு படை. மேல இந்தத் துண்டுத்துணி, நடுவில வொடிங் எண்டுற பஞ்சுப் படை, கீழ அடித்துணி. மூண்டையும் ஒண்டாச் சேத்து ஊடுருவித் தைக்கிறதுக்குத்தான் குயில்டிங் எண்டு பேர். அப்ப பாருங்க, 63 கட்டம் பொருத்திப்போட்டும் நான் குயில்டிங் எண்ட வேலையத் தொடங்கவே இல்ல.

கொழும்பில இருக்கிற ஆளுக்கு எதுக்குக் குயில்ட் எண்டு கேப்பீங்கள். ஃபேன் இல்லாமப் படுக்க ஏலாத ஊர். நான் தைச்சது எனக்கில்ல, அக்கா கலியாணம் முடிச்சுப் போனது மலைநாட்டில ஹட்டனுக்கு. அங்க மார்கழி, தை மாசத்தில இரவில காலுறை போட்டுத்தான் படுப்பினம், விடியக் காத்தால வாயத் திறந்தாப் புகை வரும். பிள்ளைக்குப் போர்வை எண்டா அங்க உண்மையான பாவனை இருக்கு.

துணி எல்லாம் பெட்டாவில, கொழும்புக் கடைத்தெருவில, கிலோக் கணக்கில வாங்கினது. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் 1978ல தொடங்கினதில இருந்து இந்த நாட்டில கார்மெண்ட்ஸ் மிச்சத் துணிக்குக் குறைவில்லை, ஷேர்ட் வெட்டின மிச்சம், கொலர் வெட்டின மிச்சம், நல்ல நல்ல பொப்ளின், செக், கோடு. ஆனா மூட்டைக்குள்ள கைய விட்டு எடுக்கேக்க எது கொட்டன் எது பொலியெஸ்டர் எண்டு தெரியாது. வீட்ட வந்து ஓரத்தில ஒரு நூல உருவி நெருப்பில காட்டிப் பாக்கவேணும். கடதாசி எரிஞ்ச மணம் வந்து சாம்பல் பொடிஞ்சாக் கொட்டன், உருகிக் குண்டு மாதிரி இறுகினாப் பொலியெஸ்டர். இழுபடுற துணிய மட்டும் ஆசைப்பட்டுச் சேத்துப்போடாதேங்க, நான் சேத்தன், ஒரே ஒரு சிவப்புத் துணி, அந்தக் கட்டம் மட்டும் இண்டைக்கும் வாயக் கோணிக்கொண்டு நிக்குது.

முடிக்கிற வேலை எண்டு வந்தா இணையத்தில பாக்கிறதெல்லாம் வெள்ளைக்காரரிண்ட வீடு. அமெரிக்காவில மேல்துணிய மட்டும் தைச்சுப்போட்டு, அதக் கொண்டுபோய் லோங்-ஆர்ம் எண்டுற பெரிய குயில்டிங் மெஷின் வச்சிருக்கிற ஆளிட்டக் குடுப்பினம், சதுர அங்குலத்துக்கு இவ்வளவு எண்டு காசு. அந்த மெஷினப் பூட்டுற சட்டகம் மட்டும் 10, 12 அடி நீளம் வரும். எங்கட ஹோல் 11 அடி. அதுக்குள்ள செற்றி, சாப்பாட்டு மேசை, அப்பாட சாய்மனைக் கதிரை, சாமிப்படம் எல்லாம் இருக்கு. அப்ப என்ன செய்யுறது, வீட்டில இருக்கிற மெஷினும் கையும்தான்.

முதல் தரம் நான் கெடுத்தது 2020ல. பெப்ரவரி மாசம் ஒரு சனிக்கிழமை, மேசையத் தள்ளி வச்சுப்போட்டு, டைல்ஸ்ல அடித்துணிய விரிச்சு, ஓரமெல்லாம் பேப்பர் டேப் ஒட்டி, அதுக்கு மேல பெட்டாவில யார் (கஜம்) கணக்கில வாங்கின தடிச்ச பொலியெஸ்டர் வொடிங், அதுக்கு மேல மேல்துணி, பிறகு வீடியோவில சொன்ன மாதிரியே கைப்பிடி அளவுக்கு ஒண்டெண்டு சேப்டி பின் குத்தினன். முன்னூறு பின்னுக்குக் கிட்ட. முழங்கால் ரெண்டும் சிவந்துபோச்சு. மார்ச்ல ஊரடங்கு வந்துது, சரி இதுதான் நேரமெண்டு இருந்தால், அந்த வொடிங் ஸ்பொஞ்ச் மாதிரி, மெஷின் காலுக்குக் கீழ போகேக்க மேல்துணிய முன்னால தள்ளிக்கொண்டு வருது, நாலு கோடு தைக்க முன்னம் நடுவில ஒரு மடிப்பு, திருப்பிப் பாத்தாக் கீழ ரெண்டு மடிப்பு. பிரிச்சன். திரும்பத் தைச்சன். ஊசி முறிஞ்சுது. பின் எல்லாம் அப்பிடியே குத்தினபடி சுருட்டி, திரும்ப நீலப் பைக்குள்ள போட்டு, மேல ஏத்திப்போட்டன். "பிறகு பாப்பம்" எண்டு ஒரு வசனம் இருக்கே, அதுக்குள்ள ரெண்டு வருசம் போகும்.

நாங்கள் இருக்கிறது வெள்ளவத்தையில மூண்டாம் மாடி, ரயில் தண்டவாளத்துக்கு அங்கால கடல். கடற்காத்து எங்கட வீட்டில எதையெல்லாம் தின்னுதெண்டு எனக்குத் தெரியும், கேஸ் அடுப்பு, ஜன்னல் கம்பி, ஃபேன் ஸ்க்ரூ. ஆனா அந்தப் பின்னுகளப் பற்றி யோசிக்கவே இல்ல. 2022 மார்ச்ல பையத் திறக்கிறன், ஒவ்வொரு பின்னும் குத்தின இடத்தில ரெண்டு பொட்டு, பாம்பு கடிச்ச மாதிரி, செம்மண் நிறத்தில. சில பின்னைத் திறக்கவே ஏலாது, வெட்டித்தான் எடுத்தன். அம்மா பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்ல, குசினிக்குள்ள போய் ரெண்டு தேசிக்காயும் உப்பும் கொண்டுவந்து வச்சா.

தேசிக்காய்ப் புளியும் உப்பும் துருக்கறைக்கு வேலை செய்யும், ஆனா முதல்ல ஒரு ஓரத்தில போட்டுப் பாருங்க, சில சாயத்தையும் சேத்துக் கொண்டுபோயிரும். கறையில மட்டும் தடவி, பல்கனி வெயில்ல வச்சு, ஈரத்துணியால ஒத்தி எடுத்து, திரும்பத் தடவி, இப்பிடி மூண்டு நாள். மேல்துணியத் தூக்கி வாளிக்குள்ள போட்டுத் தோய்ச்சுப்போடாதேங்க, உள்ளுக்க வெட்டின ஓரமெல்லாம் நூல் நூலாப் பிரிஞ்சு கையோட வரும். கடைசியில நாலு கறை மட்டும் போகமாட்டன் எண்டு நிண்டுது.

அண்டைக்கு முடிவெடுத்தன், இந்த வீட்டில இனிச் சேப்டி பின் இல்ல. நூலோடுறதுதான். வெள்ளை நூல், நீட்டு ஊசி, நடுவில இருந்து நாலு பக்கமும் பெரிய பெரிய தையலா ஓடி, பிறகு கையகலத்துக்கு ஒரு வரி. ரெண்டு பின்னேரம் எடுக்கும், முதுகு நோகும். ஆனா நூல் துருப்பிடிக்காது, மெஷின் காலில மாட்டாது, மறந்து போய் ஆறு மாசம் கிடந்தாலும் துணிக்கு ஒண்டும் நடக்காது. பின் வேகமெண்டு சொல்லுறவை கடலில இருந்து எவ்வளவு தூரத்தில இருக்கினம் எண்டு முதல்ல கேக்கவேணும்.

அந்தப் பொலியெஸ்டர் வொடிங்கையும் எறிஞ்சுபோட்டன் (எறியேல்ல, அம்மா குஷனுக்கு அடைச்சுப்போட்டா). அதுக்குப் பதிலா பழைய ஃபிளனல் பெட்சீட் ஒண்டு, அதுக்கு மேல அம்மாட நைஞ்சுபோன வொயில் சாறி ஒண்டு. இது என்ட கண்டுபிடிப்பு இல்ல, வங்காளத்தில காந்தா எண்டு செய்யிறதே பழைய சாறியளப் படை படையா அடுக்கி நூலோடுறதுதான், அதுக்குள்ள வொடிங் எண்ட சாமானே இல்ல. ஆகத் தடிப்பில்லாமல், வழுக்காமல், துணியோட துணி பிடிச்சுக்கொண்டு நிண்டுது. வீட்டு மெஷினில குயில்ட் முடிக்கிற ஆளுக்கு நான் ஒரே ஒரு புத்தி சொல்லலாமெண்டா இதுதான் சொல்லுவன்: நடுப்படைய மெல்லிசா எடுங்க. தையல் பிழைக்கிறதில பாதி அந்த மொத்தத்தாலதான்.

அடித்துணிக்கு ஒரு களவு வேலை செய்தன். அப்பாவுக்கு ஆரோ கொண்டுவந்து குடுத்த மருதமுனைச் சாரம் ரெண்டு, கைத்தறி, நீலமும் வெள்ளையும் செக், பிரிக்காமலே லாச்சிக்குள்ள கிடந்தது. மூட்டுத் தையலப் பிரிச்சு விரிச்சா ஒரு சாரம் ரெண்டு மீற்றர் நீளம், ரெண்டைப் பக்கத்தில பக்கத்தில பொருத்தினா 56க்கு 72 அங்குலக் குயில்ட்டுக்கு நாலு பக்கமும் மூண்டு அங்குலமாவது மிச்சம் வரும். அந்த மிச்சம் கட்டாயம் வேணும், தைக்கத் தைக்க மேல்துணி கொஞ்சம் அங்கால இங்கால ஓடும். முதல் வேலையா ரெண்டையும் தனியாத் தோய்ச்சன், நல்ல காலம், வாளித் தண்ணி மை மாதிரி நீலமாப் போச்சு. அந்த நீலம் வெள்ளைக் கட்டத்தில இறங்கியிருந்தா நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டன்.

சாரத்த எடுத்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. குயில்ட்டில நேர்கோடு தைக்கவேணுமெண்டா முதல்ல கோடு கீறவேணும், சோக்கால கீறினா அழியும், பேனாவால கீறினாப் போகாது. செக் சாரத்தில கோடு ஏற்கெனவே இருக்கே! குயில்ட்டத் திருப்பி, அடிப்பக்கத்த மேல வச்சு, சாரத்தின்ட கோட்டுக்கு மேலேயே தைச்சன். ஒண்டரை அங்குலத்துக்கு ஒரு கோடு, ஒண்டு விட்டு ஒண்டு தைச்சா மூண்டு அங்குல இடைவெளி. இதில ஒரு பயம் இருக்கு, மேல்துணி இப்ப கீழ போகுது, அங்க மடிப்பு விழுந்தாத் தெரியாது. அதால ஒவ்வொரு கோடும் முடிய முடியத் தூக்கிப் பாக்கவேணும், சோம்பல் பட்டா அழவேணும்.

மெஷின் எண்டு பாத்தா, கரண்ட்ல ஓடுற வெள்ளை மெஷின் ஒண்டு என்னட்ட இருக்கு. ஆனா பொருளாதார நெருக்கடியில, 2022 மார்ச் கடைசியில கரண்ட் இருந்ததெங்க, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டின நாளும் வந்துது. அப்பதான் விறாந்தை மூலையில டீவிய வச்சிருந்த மேசையப் பாத்தன். அது மேசை இல்ல, அம்மம்மாட சிங்கர் கால் மெஷின். சிங்கர் கொம்பனி இலங்கைக்கு வந்தது 1877ல, எங்கட ஆக்கள் "மெஷின்" எண்டு சொன்னாலே அதுதான் எண்ட மாதிரி வீட்டுக்கு வீடு ஒண்டு இருந்துது. டீவிய இறக்கி, எண்ணெய் விட்டு, தோல் பெல்ட் இழுபட்டுத் தொளதொளத்துக் கிடந்ததைக் கொஞ்சம் வெட்டித் திரும்பக் கம்பி போட்டு இறுக்கினன். ஊசிக்குத்தான் பயந்தன், ஆனா இப்ப கடையில விக்கிற சாதாரண ஊசியே அதுக்குப் போகும், 14ஆம் நம்பர் போட்டன். மச்சாள் சிங்கப்பூரில இருந்து கொண்டுவந்து தந்த வோக்கிங் ஃபூட்டும் அப்பிடியே பூட்டுப்பட்டுது. வோக்கிங் ஃபூட் எண்டா, கீழ துணியத் தள்ளுற பல்லு இருக்கே, அதே மாதிரிப் பல்லு மேலயும் இருக்கிற ஒரு கால், மூண்டு படையும் ஒரே வேகத்தில நகரும். குயில்ட்டுக்கு இதில்லாமலும் தைக்கலாம் எண்டு சொல்லுவினம், நான் தைச்சுப் பாத்தன், அந்தக் கதைதான் மேல சொன்னன்.

கால் மெஷின் பழகுறது சைக்கிள் பழகுற மாதிரி. கை வளையம் எங்கட பக்கம் சுத்தவேணும், காலைப் பிழையா மிதிச்சு அங்கால சுத்திச்சுதெண்டா நூல் கீழ குருவிக்கூடு மாதிரிச் சுருண்டு அறுந்துபோகும். முதல் ஒரு கிழமை குருவிக்கூடுதான். அதுக்குப் பிறகு ஒரு நாள் திடீரெண்டு கால் தன்ட பாட்டில மிதிக்குது. மின்சார மெஷினில எனக்கு எப்பவும் துரத்துப்படுற மாதிரி ஒரு அவசரம் இருக்கும், இதில நான் நிண்டா அது நிக்குது, ஒரு தையல் வேணுமெண்டா ஒரே ஒரு தையல் போடுது.

தையல் நீளத்தக் கூட்டி வச்சன், அங்குலத்துக்கு எட்டுத் தையல் வாற மாதிரி. சட்டைக்குப் போடுற மாதிரிப் பொடித்தையல் போட்டா மொத்தத் துணியில சுருங்கும், பிரிக்கவும் ஏலாது. முதல் கோடு நட்டநடுவில. பிறகு அதுக்கு வலப்பக்கம் பாதி, இடப்பக்கம் பாதி, பிறகு அந்தப் பாதிகளுக்கு நடுவில. ஓரத்தில தொடங்கி அடுத்த ஓரத்துக்கு ஓடினீங்களெண்டா மிஞ்சின துணி எல்லாம் கடைசியில வந்து கும்பலா நிக்கும். இன்னொண்டு, எல்லாக் கோட்டையும் ஒரே திசையில தைக்கவேணும், மேல இருந்து கீழ எண்டா எல்லாம் மேல இருந்து கீழ. ஒருக்கா போய் ஒருக்கா வந்தா ரெண்டு கோட்டுக்கும் நடுவில துணி முறுகி, சரிவு சரிவா மடிப்பு நிக்கும். மெஷின் கழுத்துக்கும் ஊசிக்கும் நடுவில இருக்கிற இடம் ஏழு அங்குலம் கூட வராது, அதுக்குள்ள பாதிக் குயில்ட்டைப் பாய் மாதிரிச் சுருட்டித் திணிக்கவேணும். மிச்சம் மடியில, தோளில. நான் சாப்பாட்டு மேசைய இழுத்து மெஷினுக்கு இடப்பக்கம் முட்டுக் குடுத்தன், இல்லாட்டிப் பாரம் கீழ இழுத்துத் தையல் குறுகிப்போகுது. அந்த மூண்டு கிழமை நாங்கள் நிலத்தில இருந்துதான் சாப்பிட்டம்.

18 கோடு, ஒரு கோடு 72 அங்குலம், கூட்டிப் பாத்தன், 36 யார். பன்னிரண்டாவது கோட்டில கீழ் வீட்டு அன்ரி மேல வந்து "பிள்ளை, என்ன ரயில் வீட்டுக்குள்ளயும் ஓடுது" எண்டு கேட்டா. வந்தவ மெஷினைக் கண்டிட்டு அரை மணித்தியாலம் தன்ட அம்மாட மெஷினப் பற்றிக் கதைச்சுப்போட்டுப் போனா. அதுக்குப் பிறகு இரவு ஒன்பது மணிக்கும் தைச்சன், சார்ஜ் லைட் வெளிச்சத்தில, ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல.

கைத்தையல் அந்த நாலு கறைக்கு மட்டும். வெள்ளைத் துணியில சின்ன வட்டம் வெட்டி, ஓரத்த உள்ளுக்கு மடிச்சுக் கறைக்கு மேல வச்சுத் தைச்சு, சுத்திவர ரெண்டு வளையம் எம்ப்ரொய்டரி நூலால நூலோடினன். இதுக்குத் திம்பிள் வேணும், ஊசி குத்தாமல் நடுவிரலில போடுற மூடி. பெட்டாவில கெய்சர் வீதிப் பக்கம் தையல் சாமான் கடையில போய்த் திம்பிள் எண்டன், விளங்கேல்ல, விரலக் காட்டினன், "ஆ, திதாலய" எண்டார். போத்துக்கீசர் விட்டிட்டுப் போன சொல்லு, அவங்கட பாஷையில தெதால். குண்டூசிக்கும் சிங்களத்தில அல்பெனெத்திய, அதுவும் போத்துக்கீசு, பொத்தமவும் அப்பிடித்தான், எங்கட பொத்தானும் அதே வீட்டுப் பிள்ளைதான். கோட்டை கட்டினவங்கள் ஊசிப்பெட்டியையும் விட்டிட்டுத்தான் போயிருக்கிறாங்கள்.

கையால குயில்ட் பண்ணேக்க முடிச்சு வெளியில தெரியக்கூடாது. நூல் நுனியில சின்ன முடிச்சுப் போட்டு, தொடங்குற இடத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி மேல்துணிக்குள்ள மட்டும் ஊசிய விட்டு, தொடங்குற இடத்தில எடுத்து, ஒரு சுண்டு சுண்டினா, "டொக்" எண்டு ஒரு சின்னச் சத்தத்தோட முடிச்சு உள்ளுக்க போய்ப் படையளுக்கு நடுவில ஒளிஞ்சுபோகும். அந்தச் சத்தத்துக்காகவே நான் தேவையில்லாமல் நூலை ரெண்டு மூண்டு தரம் வெட்டினனான். கட்டை ஊசிதான் நல்லம், கீழ இருக்கிற கைவிரலில ஊசி முனை படுற வரைக்கும் இறக்கி, பட்ட உடன மேல தள்ளி, ஊசிய ஆட்டி ஆட்டி மூண்டு நாலு தையலை ஒண்டா ஊசியில கோத்து இழுக்கவேணும். எங்கட வெக்கைக்கு விரல் வேர்த்து ஊசி இறுகும். அம்மம்மா ஊசியத் தலைமயிருக்குள்ள ஒருக்கா இழுத்திட்டுத்தான் குத்துவா, அந்த எண்ணெய்ப் பிடிப்பு காணும். நான் எண்ணெய் வைக்கிறேல்ல, அம்மாட தலையில இழுத்தன்.

கடைசி வேலை பைண்டிங், சுத்திவர ஓரத்த ஒரு துணிப்பட்டியால மூடித் தைக்கிறது. இதில சோம்பல்பட்டு ஏதும் குறுக்கு வழி இருக்கோ எண்டு தேடினன். கர்நாடகாவில சித்தி எண்டொரு சனம், ஆபிரிக்காவில இருந்து வந்தவையின்ட வழி, அவையின்ட பெண்கள் கவண்டி எண்டொரு போர்வை தைப்பினம், வெளி ஓரத்தில தொடங்கித் துண்டு துண்டா வச்சு உள்ளுக்க சுத்திச் சுத்தி நூலோடிக்கொண்டு போவினம். ஓரம் முதலே மடிச்சு முடிஞ்சிரும், பைண்டிங்கே தேவையில்ல. நாலு மூலையிலயும் மடிச்ச துணியில ஒரு சின்னப் பூ வைப்பினம், பூ இல்லாட்டி அது அம்மணமா இருக்கெண்டு சொல்லுவினமாம். ஆனா அது தொடக்கத்திலயே அப்பிடித் தொடங்கினவைக்குச் சரி. நான் நடுவில இருந்து வந்த ஆள்.

அப்ப பைண்டிங்தான். ரெண்டரை அங்குல அகலத்தில பட்டி வெட்டி, சரிவாப் பொருத்தி நீட்டி, நீளவாக்கில ரெண்டா மடிச்சு அயர்ன் பண்ணி. சுத்தளவு 256 அங்குலம், ஏழு பட்டி வேணும், அரை யார் துணி காணும். நேர் ஓரத்துக்குக் கிராஸா, அதாவது சரிவா, துணி வெட்டத் தேவையில்ல, அது வளைவுக்குத்தான். முன்பக்கம் கால் அங்குலத்தில மெஷின் தையல். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கேக்க நிப்பாட்டி, பட்டிய மேல சரிவா மடிச்சு, திரும்பக் கீழ நேரா மடிச்சு, அங்க இருந்து தொடங்கினா மூலை கடித உறை மாதிரி விழும். என்ட முதல் மூலை கொழுக்கட்டை மாதிரித்தான் விழுந்துது. நாலாவது வடிவு. பின்பக்கம் திருப்பி முழுக்கக் கையால எம்மிங், அது பஸ்ஸில, ரயில்ல, டொக்டரிட்ட நம்பர் எடுத்திட்டு இருக்கேக்க எண்டு போச்சு.

ஒருக்காத் தோய்ச்சுக் காயப்போட்ட உடன எல்லாம் கொஞ்சம் சுருங்கி, தையலுக்குத் தையல் நடுவில துணி பொம்மிக்கொண்டு வந்துது. கோணல் தையல் எல்லாம் அந்தச் சுருக்கத்துக்குள்ள போய் மறைஞ்சுது, சிவப்புக் கட்டம் மட்டும் மறையேல்ல.

ஓகஸ்ட்ல பெற்றோல் கியூ கொஞ்சம் குறைஞ்ச பிறகு ரயில்ல கொண்டுபோய்க் குடுத்தன். ஆருக்கெண்டு தைச்சனோ அவவுக்கு அப்ப அஞ்சு வயசு. விரிச்சுப் போட்டு, வட்டத்த எல்லாம் விரலால தொட்டு, "சித்தி, ஏன் நாலு நிலா?" எண்டாள். கடல்தான் காரணம் எண்டன். அது போதுமான பதிலா இருந்துது அவவுக்கு.

போன கிழமை அக்கா ஃபோன்ல சொன்னா, பிள்ளை எப்ப பாத்தாலும் சாரப்பக்கத்த மேல வச்சுத்தான் போர்த்துறாளாம், துண்டுத்துணிப் பக்கம் உள்ளுக்க. அஞ்சு வருசம், 63 கட்டம். ஸ்பீக்கரில இருந்தது, அப்பா பேப்பரில இருந்து தலை நிமிர்த்தாமலே சொன்னார், "என்ட சாரம் நல்ல சாரம் எண்டு அவளுக்காவது விளங்குது."